மெக்கானிக் அண்ணாச்சி பதில்கள்: டோசர் கன்வெர்ட்டர்ல ஆயில் ஒழுகுது, எறக்கணுமா?

கேள்வி: அண்ணாச்சி, கல்குவாரில மேல்மண்ணு தள்ளுததுக்கு ஒரு பழைய டோசர் வச்சிருக்கேன். ரெண்டு நாளைக்கு ஒருக்க டிரான்ஸ்மிஷன் ஆயில் கொறையுது, ஊத்திக்கிட்டே இருக்கோம். பெல்லி கார்டுல (வண்டி அடியில மூடியிருக்குத இரும்புத் தகடு) ஆயிலும் செம்மண்ணும் சேந்து களி மாரி கெடக்கு. மத்தியானத்துக்கு மேல டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுத்துத சக்திய ஆயில் வழியா டிரான்ஸ்மிஷனுக்குக் கடத்துத பாகம்) சூட்டு முள்ளு செவப்புக்குப் போயிருது. டார்க் கன்வெர்ட்டர் சீல் போயிட்டு, எறக்கித்தான் ஆகணும்னு மெக்கானிக் சொல்லுதாரு. எறக்கிரட்டுமா?
(ஒரு வாசகர், பணகுடி)

பதில்: இப்ப எறக்காதீங்க தம்பி. உங்க மெக்கானிக் சொல்லுதது சரியாவும் இருக்கலாம், ஆனா பெல்லி கார்டுல கெடக்குத ஆயிலப் பாத்து எதையும் முடிவு கட்ட முடியாது, இன்ஜின்ல ஒழுகினாலும் அங்கனதான் வந்து நிக்கும், ஹைட்ராலிக் ஹோஸ்ல ஒழுகினாலும் அங்கனதான்.

மொதல்ல அந்த கார்டக் கழட்டுங்க, நல்ல கனம் இருக்கும், கீழ ஜாக்கி குடுத்துட்டு போல்ட்டுல கை வைங்க. டீசல் போட்டு அடிப்பக்கம் பூராத்தையும் கழுவி, காய விட்டு, சந்தேகப்படுத ஜாயின்ட்டு, ஹோஸ் முனை, ஹவுசிங் ஓரத்துல எல்லாம் சாதா முகப்பவுடரத் தூவி விடுங்க. கொஞ்ச நேரம் ஓட்டி சூடேத்திட்டு, இன்ஜின ஆஃப் பண்ணி டார்ச் அடிச்சுப் பாத்தா மொதமொதல்ல எங்க நனையுதோ அதான் இடம். ஆடிக் காத்து அடிக்கையில இத வெளிய வச்சு செய்யாதீங்க, பவுடரும் நிக்காது, தூசி வந்து எல்லாத்தையும் மூடிரும்.

அடுத்து அது யாரு வீட்டு ஆயில்னு பாக்கணும். இன்ஜின், டிரான்ஸ்மிஷன், ஹைட்ராலிக் மூணு லெவலையும் தெனமும் காலைல ஒரே நேரத்துல குறிச்சு வைங்க. கறுப்பா இருந்தா இன்ஜின் பின் சீலா இருக்க வாய்ப்பு உண்டு, ஆனா கருகின டிரான்ஸ்மிஷன் ஆயிலும் கறுத்துத்தான் இருக்கும், அதனால நெறத்த மட்டும் நம்பாதீங்க. ஹைட்ராலிக் கொறைஞ்சு டிரான்ஸ்மிஷன் ஏறுச்சுன்னா ஹைட்ராலிக் பம்ப் ஷாஃப்ட் சீல் போயிட்டுன்னு அர்த்தம்.

இப்ப விஷயத்துக்கு வாரேன். கன்வெர்ட்டருக்குள்ள கொஞ்சம் ஆயில் ஒழுகத்தான் செய்யும், அது பழுதில்ல. சீல் ரிங்கு வழியா, பேரிங்கு வழியா வார ஆயில் ஹவுசிங் அடியில வடிஞ்சு நிக்கும், அத ஸ்கேவெஞ்ச் பம்ப் உறிஞ்சி திரும்ப சம்ப்புக்கு (ஆயில் தொட்டி) அனுப்பும். (சில மாடல்ல பம்ப் கெடையாது, தன்னால வடியும்.) அந்த பம்புக்கு முன்னால ஒரு ஜல்லடை இருக்கும் பாருங்க, அது அடைச்சுக்கிட்டா ஹவுசிங்ல ஆயில் நெறஞ்சு, சுத்துத கன்வெர்ட்டர் அந்த ஆயில்லயே கெடந்து கடையும். சூடு ஏறும், நொரைக்கும், பிரீதர் (காத்து போய் வார மூடி) வழியா, சீல் வழியா வெளிய தள்ளும். சம்ப்புக்கு ஆயில் திரும்பாததால டிப்ஸ்டிக்ல லெவல் கொறைவா காட்டும், ஆபரேட்டரும் பாவம் மேல மேல ஊத்துவாரு. உங்க வண்டில சூடும் ஒழுகலும் ஒண்ணா வருது, அதான் எனக்கு மொத சந்தேகம் இந்த ஜல்லடை மேல.

ஜல்லடையக் கழட்டினதும் கழுவிராதீங்க, உள்ள என்ன கெடக்குன்னு வெள்ளத் துணில தட்டிப் பாருங்க. ரப்பர் துணுக்கு இருந்தா ஓ ரிங்கோ ஹோஸோ. செம்புப் பொடி மாரி மினுங்கினா கிளச் பிளேட். காந்தத்துல ஒட்டாத வெள்ளித் தூள் இருந்தா உள்ள அலுமினிய சக்கரம் ஒண்ணோட ஒண்ணு உரசுதுன்னு சந்தேகப்படணும், அப்ப வண்டிய ஓட்டாதீங்க, மெக்கானிக் சொன்னபடி எறக்கிருங்க. இது எதுவும் இல்லாம வெறும் சகதின்னா சுத்தம் பண்ணி, பிரீதரையும் ஊதி, லெவல மானுவல்ல சொன்ன மொறைல சரி பண்ணி ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. ரேடியேட்டர், ஆயில் கூலர் பக்கம் புழுதி அடைச்சிருக்கான்னும் பாத்துருங்க. ஃபஸ்ட் கியர்ல தள்ள வேண்டிய மண்ண ஆபரேட்டர் செகண்ட்ல திணறத் திணறத் தள்ளினாலும் கன்வெர்ட்டர் காயும்.

அதுக்கும் அடங்கலன்னா கன்வெர்ட்டர் அவுட்லெட் பிரஷருக்கு கேஜ் மாட்டி, ஸ்டால் டெஸ்ட்டும் போட்டு, ரெண்டையும் புஸ்தகத்துல உள்ள அளவோட ஒத்துப் பாக்கணும். ஸ்டால் டெஸ்ட்னா பிளேட எறக்கி, பிரேக் லாக் பண்ணி, முன்னுக்கும் பின்னுக்கும் ஆள் இல்லாம பாத்து, வண்டி நகராம கியர் போட்டு முழு ஆக்சிலேட்டர் குடுத்து இன்ஜின் எத்தன ஆர்பிஎம் போகுதுன்னு பாக்கது, 30 செகண்டுக்கு மேல புடிக்கக் கூடாது. பிரஷர் கொறைவா இருந்தாலும் உடனே கன்வெர்ட்டர் மேல பழியப் போடாதீங்க, ரிலீஃப் வால்வு (அளவுக்கு மீறுன பிரஷர வெளிய விடுத வால்வு) தொறந்தபடி சிக்கிருந்தாலும் அப்படித்தான் காட்டும்.

கேள்வி: சீல் புதுசு போட்டும் ஒரு வாரத்துல திரும்ப ஒழுகுது.
(ராதாபுரம் வாசகர்)

பதில்: பழைய சீல் உதடு ஓடுன இடத்துல ஷாஃப்ட்ட நகத்தால கீறிப் பாருங்க. நகம் மாட்டுச்சுன்னா அங்கன பள்ளம் விழுந்திருக்கு, எத்தனை சீல் மாத்தினாலும் நிக்காது, பள்ளத்து மேல ஸ்லீவ் (மெல்லிசான இரும்பு வளையம்) ஏத்தணும். சீல் உதடு ஆயில் பக்கம் பாத்திருக்கான்னும் பாருங்க. ஒழுகுதேன்னு சிலிக்கான் பேஸ்ட்ட அள்ளி அப்பாதீங்க, அது பிஞ்சு போயி நான் மேல சொன்ன ஜல்லடையத்தான் அடைக்கும்.

கேள்வி: டிரான்ஸ்மிஷனுக்கு லாரி இன்ஜின் ஆயில் 15டபிள்யூ40 ஊத்தலாமா?
(வள்ளியூர் வாசகர்)

பதில்: மானுவல் சொல்லாம ஊத்தாதீங்க. டிஓ-4 தரம்னு (கேட்டர்பில்லர் கம்பெனி வகுத்த டிரான்ஸ்மிஷன் ஆயில் தரம்) போட்டிருந்தா அதேதான் வாங்கணும், கிளச் புடிமானம் அத நம்பித்தான் இருக்கு.