கடிக்கிறான், அடிக்கிறான், தலையில் அறைந்துகொள்கிறான்: மருந்து உண்டா டாக்டர்?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு நாலரை வயது, ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள், பேச்சு இரண்டு மூன்று வார்த்தைதான். ஒரு மாதமாக அம்மாவையும் ஒரு வயதுத் தங்கையையும் கடிக்கிறான், முடியைப் பிடித்து இழுக்கிறான், தன் காதோரத்தில் தானே அறைந்துகொள்கிறான். "இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் மாமியார். அடக்குவதற்கு மருந்து ஏதாவது இருக்கிறதா என்பது இவருடைய கேள்வி.

மருந்துக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது "ஒரு மாதமாக" என்ற சொல்தான். ஆட்டிசம் போன மாதம் வந்ததில்லை, ஆனால் இந்த மூர்க்கம் போன மாதம் வந்திருக்கிறது. பேசத் தெரியாத குழந்தையிடம் திடீரென்று இப்படி ஒரு மாற்றம் தெரிந்தால் முதலில் எங்கேயாவது வலிக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். காதோரத்தில் அறைந்துகொள்கிறான் என்கிறீர்கள், காதில் சீழ் பிடித்திருக்கலாம். கடைவாய்ப் பல் சொத்தையாக இருக்கலாம். பால், பிஸ்கட், வெள்ளைச் சோறு தவிர எதையும் தொடமாட்டான் என்றும் எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் மலச்சிக்கலுக்கு நிறையவே வாய்ப்பு உண்டு. இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது: உள்ளே மலம் கெட்டியாக அடைத்திருக்கும்போது அதன் ஓரமாகத் தண்ணியாகக் கசிந்து உள்ளாடையில் படும், வீட்டில் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுப்பார்கள், அடைப்பு இன்னும் இறுகும். ஆகவே இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காது, தொண்டை, பல், வயிறு நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். "ஆட்டிசம்னா இப்படித்தான் இருப்பாங்க" என்று தொட்டுப் பார்க்காமல் அனுப்பினால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்றால், கடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது, கடித்த பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள், காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். மிக்ஸி ஓடியதா, தங்கை அழுதாளா, கையிலிருந்த போனை வாங்கினீர்களா? கடித்ததும் போன் திரும்பக் கிடைத்துவிட்டதா? பெரும்பாலும் இதில் ஒரு ஒழுங்கு தெரியும். ஒரே பிள்ளை காலையில் சத்தம் தாங்காமலும் மாலையில் போனுக்காகவும் கடிக்கலாம், இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல. சத்தம் என்றால் மிக்ஸி போடும்போது அவனை வேறு அறைக்கு அனுப்பிவிடலாம். போன் என்றால் டைமர் வைத்து, முடியப்போகிறது என்று முன்கூட்டியே காட்டலாம்.

கூடவே, கடித்துக் கேட்பதை வேறு வழியில் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். தண்ணீர், போன், "போதும்", "வலிக்குது" என்று நான்கைந்து படங்களை அட்டையில் ஒட்டி அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். ஆரம்பத்தில் அட்டையை எடுத்துக் கொடுத்த உடனே, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், கேட்டது கிடைக்க வேண்டும். கடித்தால் கிடைக்கக் கூடாது. முதல் சில நாள் முன்னைவிட அதிகமாகவே கடிப்பான், அங்கேதான் வீட்டாரின் உறுதி உடைந்துபோகும். நான்கு முறை மறுத்துவிட்டு ஐந்தாவது கடிக்குப் பாட்டி போனைக் கொடுத்துவிட்டால், ஐந்து முறை கடிக்க வேண்டும் என்று அவன் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். அடித்தால் அந்த நேரத்துக்கு அடங்கலாம், ஆனால் கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்று கற்றுக்கொடுப்பதும் அந்த அடிதான்.

கடித்துக்கொண்டிருக்கும்போது கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், சதை கிழியும். வாய்ப்பக்கமாகவே மெல்லத் தள்ளிக்கொடுங்கள், பிடி தளரும். தங்கையை முதலில் அப்புறப்படுத்துங்கள். கத்தாமல், ஓரிரு வார்த்தைக்கு மேல் பேசாமல் இருங்கள். தலையை மோதினால் நடுவில் தலையணையை வையுங்கள். குப்புறப் படுக்கவைத்து அழுத்திப் பிடிப்பது மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம், மூச்சு முட்டும். கடித்த இடத்தில் தோல் கிழிந்திருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள். தலையில் அடிபட்ட பிறகு வாந்தி, அசாதாரணத் தூக்கம், வலிப்பு ஏதாவது இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, மருந்து. இருக்கிறது. ஆட்டிசக் குழந்தைகளின் கடும் எரிச்சலுக்கும் மூர்க்கத்துக்கும் ரிஸ்பெரிடோனை அமெரிக்காவில் 2006இல் 5 வயதுக்கு மேலும், அரிபிபிரசோலை 2009இல் 6 வயதுக்கு மேலும் அனுமதித்தார்கள். இவை ஆட்டிசத்தைக் குணப்படுத்துபவை அல்ல. ரிஸ்பெரிடோனில் பசியும் எடையும் நன்றாகவே ஏறும், தூக்கம் வரும். நாலரை வயதில், காதைக்கூடப் பார்க்காமல், நான் அதைத் தொடமாட்டேன். மற்றதெல்லாம் செய்தும் காயப்படுத்துவது குறையவில்லை என்றால் குழந்தை மனநல மருத்துவரே முடிவு செய்யட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்குகிற வேலை வேண்டவே வேண்டாம்.

தெரபிக்கு அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள், பேச்சுப் பயிற்சி அங்கே இலவசம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிட்டால், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது குறித்து வைத்த தாளோடு, அவன் காதோரத்தில் அறைந்துகொள்வதை ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், அறைக்குள் நுழைந்ததும் பல பிள்ளைகள் சமர்த்தாக உட்கார்ந்துவிடும்.