பக் நாயோடு ஜெர்மனி போக எவ்வளவு ஆகும்?

கேள்வி: வேலை மாற்றலாகி இரண்டு மாதத்தில் சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போகிறேன். மூன்று வயது பக் நாய் இருக்கிறது, எடை ஏழு கிலோ. வருடா வருடம் ரேபீஸ் ஊசி போட்டிருக்கிறோம், மைக்ரோசிப் இல்லை. கூடவே விமானத்தில் அழைத்துப் போக எவ்வளவு கட்டணம் ஆகும்?

பதில்: கட்டணத்தை அப்புறம் பார்க்கலாம். இரண்டு மாதம் என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது.

ரேபீஸ் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் முதலில் மைக்ரோசிப், அதாவது நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு, பொருத்த வேண்டும். சிப்புக்குப் பிறகு போடும் ஊசிதான் கணக்கு. இதுவரை போட்டதெல்லாம் செல்லாது. ஊசி போட்டு 30 நாளாவது கழிந்தபின் ரத்தம் எடுத்து, ரேபீஸ் எதிர்ப்புச் சக்தி போதுமா என்று ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். அதில் தேறினாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நாளைக்கே தொடங்கினாலும் நான்கு மாதம். குறைத்துத் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, நாம் முன்னால் போவோம், தம்பி பிறகு கொண்டுவரட்டும் என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல். உங்கள் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி இருந்தால் அது வணிக இறக்குமதியாகிவிடும். விதிகள் இன்னும் கடுமை. பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் நீங்களே ஒருமுறை வந்து அழைத்துப் போங்கள்.

அடுத்தது எடை. ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சாவில், பயணிகள் இருக்கும் கேபினில் பையோடு சேர்த்து எட்டு கிலோவரைதான் அனுமதி. துணிப்பையே ஒரு கிலோவைத் தாண்டிவிடலாம். தாண்டினால் சரக்கு அறைக்கு அனுப்பலாமே என்றால், சப்பை மூக்கு நாய்களை அங்கே ஏற்றுவதில்லை. மூச்சுத் திணறல் அபாயம்தான் காரணம். ஆக உங்கள் பக்குக்குக் கேபின் ஒன்றே வழி. காத்திருக்கும் மாதங்களில் கால்நடை மருத்துவரைக் கேட்டு அரைக் கிலோ குறைக்கப் பாருங்கள். தயிர்சாதத்தைக் கொஞ்சம் நிறுத்தினாலே போதும் என்பது என் அனுபவம்.

கட்டணம் பயண தூரத்தைப் பொறுத்தது, ஒரு வழிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். முன்பதிவின்போது இருக்கும் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு விமானத்தில் சில பிராணிகளுக்குத்தான் இடம் என்பதால், நாய்க்கு இடம் உறுதியான பிறகே உங்கள் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுங்கள். மலிவு என்று எமிரேட்ஸ் விமானத்தின் பக்கம் போகாதீர்கள். வழிகாட்டி நாய்களைத் தவிர அவர்கள் கேபினில் நாயை ஏற்றுவதில்லை. பிரிட்டன் வழியும் வேண்டாம். அங்கே பிராணிகள் சரக்காகத்தான் இறங்க முடியும்.

கடைசிக் காகிதம் உடல்நலச் சான்றிதழ். பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கி, பத்து நாளுக்குள் ஜெர்மனியில் இறங்கிவிட வேண்டும்.

தூக்க மருந்து மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உயரத்தில் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் அது பாதிக்கும். பக்குக்கு இரட்டை ஆபத்து. பதிலாக, இப்போதிருந்தே தினமும் சிறிது நேரம் அந்தப் பைக்குள் உட்காரப் பழக்குங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் வெளியேறாமல், சிவப்பு வழியில் சுங்க அதிகாரியிடம் நாயையும் காகிதங்களையும் காட்டுங்கள்.