செஸ் என்ஜின்: அப்டேட்டுக்குப் பின் வரும் கோளாறுகள்

கேள்வி: செஸ் புரோகிராமை அப்டேட் செய்த பிறகு பலகை திறக்கிறது, காய்களும் நகர்கின்றன. ஆனால் என்ஜினை ஓடவிட்டால் உடனே நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யலாமா?

பதில்: அவசரப்பட்டு நீக்காதீர்கள். சில புரோகிராம்கள் போகும்போது சேமித்த ஆட்டங்களையும் சேர்த்து அழித்துவிடும். முதலில் ஆட்டங்களை, நகர்வுகளை எழுதி வைக்கும் பிஜிஎன் (PGN) ஃபைலாக எடுத்து வேறு ஃபோல்டரில் வையுங்கள். அது வெறும் எழுத்து ஃபைல்தான். எந்தப் பதிப்பிலும் திறக்கும்.

பலகையைக் காட்டும் புரோகிராம் வேறு, யோசிக்கும் என்ஜின் வேறு. கோளாறு எதில் என்று பார்க்க கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, அங்கிருந்தே என்ஜினை ஓடவிடுங்கள். நேராக டபுள் கிளிக் செய்தால் பிழைச் செய்தியைப் படிப்பதற்குள் ஜன்னல் மூடிக்கொள்ளும். பலகையும் என்ஜினும் பேசிக்கொள்ளும் மொழியின் பெயர் யூசிஐ. 'யூசிஐ' (uci) என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்தால் கடைசி வரியில் 'யூசிஐஓகே' (uciok) வர வேண்டும். அடுத்து 'இஸ்ரெடி' (isready), பதில் 'ரெடிஓகே' (readyok). இரண்டும் வந்து, 15 படி ஆழம் யோசிக்கச் சொல்லும் 'கோ டெப்த் 15' (go depth 15) கொடுத்ததும் ஒரு நகர்வைச் சொன்னால் என்ஜின் நலம். அப்டேட்டில் ஃபைல் இடம் மாறியிருக்கலாம். பலகைப் புரோகிராமின் என்ஜின் பட்டியலில் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் போதும்.

பதிலே இல்லாமல் நின்றால், பெரும்பாலும் பிராசஸருக்குப் பொருந்தாத பதிப்பு வந்திருக்கிறது. வேகமான பதிப்புகளுக்கு பிராசஸரில் ஏவிஎக்ஸ்2 (AVX2) என்ற கட்டளைகள் வேண்டும். அவை இன்டெலில் 2013இல்தான் வந்தன. அதன் பின் வந்த பல பென்டியம், செலரான் சில்லுகளிலும் அவை இல்லை. கணினி வாங்கிய ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏவிஎக்ஸ்2 இல்லாவிட்டால், 'பாப்சிஎன்டி' (popcnt) என்று பெயரில் உள்ள பதிப்பை இறக்குங்கள். வேகம் குறையும், ஆனால் ஓடும். நிலையை மதிப்பிட என்ஜின் பயன்படுத்தும் நியூரல் நெட்வொர்க் ஃபைல் இல்லை என்று செய்தி வந்தால், ஆன்டிவைரஸ் எதையாவது ஒதுக்கி வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் என்ஜின் ஸ்டாக்ஃபிஷ் என்றால் இன்னொரு சோதனை உண்டு. தொடக்க நிலையில் 'கோ பெர்ஃப்ட் 5' (go perft 5) அடியுங்கள். இரு பக்கமும் மாறி மாறி மொத்தம் ஐந்து நகர்வுகள் ஆடும் வழிகள் எத்தனை என்று அது எண்ணும். விடை 48,65,609. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அந்த ஃபைலை நம்பாதீர்கள்.

கேள்வி: அப்டேட்டுக்குப் பிறகு என் ஸ்டாக்ஃபிஷ் மந்தமாகிவிட்டது. அதே நிலைக்கு முன்பைவிடக் குறைந்த மதிப்பெண் காட்டுகிறது. பழைய பதிப்புக்கே திரும்பிவிடவா?

பதில்: மதிப்பெண் குறைந்தது கோளாறு என்று சொல்ல முடியாது. 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பில் அளவுகோலையே மாற்றினார்கள். சம பலமுள்ள எதிரியிடம் வெல்ல 50 சதவீத வாய்ப்பு என்பதே அதில் +1 மதிப்பெண். ஒரு சிப்பாயின் விலை என்ற பழைய கணக்கு அதோடு போயிற்று. இரு பதிப்பும் அதே நகர்வைப் பரிந்துரைக்கிறதா என்று பாருங்கள். எண்களை ஒப்பிட்டுப் பயனில்லை.

வேகம் குறைந்ததற்கு, நீங்கள் மாற்றி வைத்த அமைப்புகள் (செட்டிங்ஸ்) அழிந்து ஆரம்ப நிலைக்கே திரும்பியது காரணமாக இருக்கலாம். தானாக இருப்பது 1 த்ரெட் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளின் எண்ணிக்கை), 16 எம்பி ஹாஷ் (யோசித்த நிலைகளை நினைவில் வைக்கும் இடம்). நான்கு கோர் கணினியில் த்ரெட்டை 3 ஆக்குங்கள். பலகைக்கு ஒன்று மிஞ்சட்டும். 8 ஜிபி ராம் இருந்தால் ஹாஷ் 2048 எம்பி தாராளம். ராம் முழுவதையும் அதற்கே கொடுத்தால் கணினி டிஸ்கைத் தேடி ஓடும், வேகம் இன்னும் விழும். காய்கள் குறைந்த இறுதி நிலைகளின் முடிவுகளைத் தரும் சிசிஜி (Syzygy) எண்ட்கேம் ஃபைல்களை வைத்திருந்தால், அந்த ஃபோல்டரின் பாதையும் அழிந்திருக்கலாம், அதையும் சரிபாருங்கள்.

எப்படியும் பழைய என்ஜின் ஃபைலை அழிக்காதீர்கள். வேறு பெயரில் அதே பட்டியலில் சேர்த்து வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஓடும்.