வகுப்பறை கேள்வி–பதில்: புளியந்தோப்பு 1921-ஐ எப்படி நடத்துவது?

கேள்வி: பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். சென்னையில் பின்னி கம்பெனியின் துணி ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தத்தைச் சொல்லும்போது புளியந்தோப்புக் கலவரத்தைத் தொடுவதா, விட்டுவிடுவதா? வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.
— ஓர் ஆசிரியை, வியாசர்பாடி

பதில்: தொடுங்கள். நீங்கள் விட்டால், வீட்டில் காதில் விழுந்த பாதிக் கதைதான் பிள்ளைகளிடம் மிஞ்சும். 1918 ஏப்ரலில் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி.பி. வாடியா தலைவர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது சுலபம். அதே ஆலைகளில் 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குப் போனார்கள், மற்றவர்கள் வெளியே நின்றார்கள். மோதல் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. திரு.வி.க. சங்கத்தின் பக்கம் நின்றார்; எம்.சி. ராஜா ஆதிதிராவிடர்களுக்காகப் பேசினார். இருவருமே மக்கள் தலைவர்கள் என்பதால்தான் இந்தப் பாடம் கனமானது.

இரண்டு பீரியட் ஒதுக்குங்கள். ஒரே பீரியடில் அடக்கப் பார்த்தால் குடிசை எரியும் இடத்தில் மணி அடித்துவிடும், மிச்சத்தைப் பிள்ளைகள் மைதானத்தில் பேசி முடிப்பார்கள். முதல் பீரியடில் ஆலையும் தெருவும் மட்டும்: பெரம்பூர், புளியந்தோப்பு, பக்கிங்காம் கால்வாய் எல்லாம் வரைபடத்தில் இருக்கட்டும். இரண்டாவதில் நாலைந்து பேராகக் குழு பிரியுங்கள். சங்கத் தொழிலாளி, வேலைக்குத் திரும்பிய தொழிலாளி, ஆலை நிர்வாகம், அரசு என்று குழுவுக்கு ஒரு சீட்டு கொடுங்கள். “இவர் எதற்குப் பயப்பட்டிருப்பார்? அடுத்த வாரம் இவர் வீட்டில் அடுப்பு எரிய யார் கையை எதிர்பார்த்திருப்பார்?” என்று கேளுங்கள். நிர்வாகச் சீட்டு வந்த குழு இரண்டாவது கேள்வியில் முழிக்கும். அந்த முழிப்பே நல்ல பாடம். “நீ யார் பக்கம்?” என்று மட்டும் கேட்க வேண்டாம்.

நாடகமாக நடிக்க வைக்காதீர்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டாலும், ஆதிதிராவிடர் வேடம் யாருக்கு விழுந்தது என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும். இடைவேளைக்குள் அது பட்டப்பெயராகிவிடும். “அவர்” என்று படர்க்கையில் எழுதினால் போதும். “உங்க வீட்ல இதைப் பத்தி என்ன சொல்வாங்க?” என்று ஒரு பிள்ளையை எழுப்பிக் கேட்பதும் இதே தப்புதான், அவன் தலையில் ஒரு சாதியின் வக்காலத்தை ஏற்றுகிறீர்கள். சொல்ல விரும்புகிறவர்கள் பெயரில்லாத சீட்டில் எழுதிப் பெட்டியில் போடட்டும். அதை வகுப்பில் வாசிப்பதாக இருந்தால் தாளைக் காட்டாதீர்கள், கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போனவரை “கருங்காலி” என்று யாராவது சொன்னால் அதட்டாமல், “அதை யார், யாரைப் பார்த்துச் சொல்வார்கள்?” என்று கேட்டுவிட்டு மேலே போங்கள்.

கேள்வி: பாடம் முடிந்ததும் சுயமதிப்பீடு எழுதச் சொல்கிறார்கள். “மாணவர்கள் ஆர்வமாகக் கவனித்தனர்” என்பதற்கு மேல் ஓடவில்லை.
— ஓர் ஆசிரியர், தண்டையார்பேட்டை

பதில்: அந்த ஒரு வரியைத்தான் பலரும் எழுதுகிறார்கள், அதனால்தான் அதற்கு மதிப்பில்லை. ஒரு தாளில் பெஞ்சுகளைக் கட்டமாக வரைந்துகொள்ளுங்கள். நீங்கள் யாரைக் கேட்டீர்களோ அங்கே ஒரு கோடு, யார் தானாகப் பேசினார்களோ அங்கே ஒரு வட்டம். வகுப்பை நடத்திக்கொண்டே நீங்கள் போட முடியாது. கடைசி பெஞ்சில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆளை மாற்றி மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் சிநேகிதனுக்கு வட்டம் கூடும். கோடுகள் முன்வரிசையில் குவிந்திருந்தால், கேள்வி கேட்டதும் முதலில் எழும் கையைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம். மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வாரம் ஒரு பீரியட் இப்படிச் செய்தாலே போதும். தினமும் செய்தால் சலிப்பில் அதுவும் சடங்காகும். சுயமதிப்பீட்டில் அடுத்த வகுப்பில் எதை மாற்றப் போகிறீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: வடமாநிலப் பிள்ளைகள் மூன்று பேர். தமிழ் பேசுகிறார்கள், வாசிக்கத் திணறுகிறார்கள்.
— ஓர் ஆசிரியை, திருவொற்றியூர்

பதில்: படத்தில் தொடங்குங்கள். 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் படம் ஒன்று போதும்: தூண்கள் எத்தனை, நிலையம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏன் என்று வாயாலேயே பதில் வாங்கலாம். வாசிப்புத் தாளில் எட்டு வரிக்கு மேல் வேண்டாம், எழுத்து பெரிதாக இருக்கட்டும். பக்கத்தில் உட்காருகிற பிள்ளை வாசித்துக் காட்டலாம். பதிலை மட்டும் அவள் சொல்லக் கூடாது.