காது நிக்கலைன்னு வெசனப்படாதீங்க

நாய் வளக்கறவங்களுக்கான கேள்வி பதிலுங்க இது. இந்தத் தடவை வந்த கடுதாசியில முக்காவாசி ஜெர்மன் ஷெப்பர்டு குட்டியப் பத்தித்தான், அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு.

காங்கேயம் பக்கத்துல இருந்து ஒரு வாசகி: எங்க தோட்டத்துச் சாளையில ஷெப்பர்டு பொட்டைக்குட்டி வளக்கறோங்க. 4 மாசம் ஆச்சு, 15 கிலோ இருக்குது. போன மாசம் ரெண்டு காதும் ஜம்முனு நின்னுச்சு, இப்ப இடது காது மடங்கிப் போச்சு. பக்கத்துத் தோட்டத்துல இதே வயசு ஆண் குட்டி 21 கிலோங்க. சோறு பத்தலைங்கறாங்க மாமியார், கால்சியம் சிரப் ஊத்தச் சொல்றாரு குட்டி குடுத்தவரு, எம்பட வீட்டுக்காரர் காதுக்கு டேப் ஒட்டலாம்ங்கறாரு. யாரு பேச்சக் கேக்கறதுங்க?

மூணு பேர் பேச்சையும் கேக்க வேண்டாம் அம்மணி, ஆனா மாமியார்கிட்ட நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க.

மொதல்ல குட்டி வாயத் தொறந்து பாருங்க. முன்னாடி அரிசியாட்டம் இருந்த பொடிப்பல்லு விழுந்து பெரிய பல்லு மொளைக்குதா? பால் பல்லு 28, நெலைக்கற பல்லு 42, இந்த மாத்தம் 4 மாசம் வாக்குல தொடங்கி 6, 7 மாசம் வரைக்கும் நடக்கும். அந்த சமயத்துல நின்ன காது படுக்கறதும், ஒண்ணு நின்னு ஒண்ணு தொங்கறதும், ரெண்டும் நடு மண்டையில போயி ஒண்ணோடொண்ணு சாயறதும் ஷெப்பர்டுக்கு சகஜமுங்க. பல்லு மாறி முடியற வரைக்கும் பொறுங்க. புள்ளைங்க காதப் புடிச்சு இழுத்து வெளையாடாம மட்டும் பாத்துக்கங்க. 6 மாசம் ஆகியும் எந்திரிக்கற அறிகுறியே இல்லைன்னா டாக்டர்கிட்டக் காட்டுங்க, டேப்பு ஒட்டறதா இருந்தா அவரு ஒட்டட்டும், வீட்டுல ஒட்டி காத்தோட்டமில்லாம காது புண்ணாகி வந்த குட்டிக நெறையப் பாத்திருக்கேன்.

எடைக்கு வர்றேன். 4 மாசப் பொட்டைக்கு 15 கிலோ தாராளமுங்க. பக்கத்துத் தோட்டத்து 21 கிலோவப் பாத்துப் பொறாமைப்படாதீங்க, எனக்கென்னமோ அந்தக் குட்டிய நெனச்சாத்தான் வெசனமா இருக்குது. இந்த மாதிரிப் பெரிய சாதி நாய்க்கு எலும்பு முத்தறதுக்குள்ள ஒடம்பு வெயிட்டு ஏறுச்சுன்னா இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் தாங்காது. ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வம்சத்துலயே இருக்கற சீக்கு, நாம ஊட்டி ஊட்டி அதக் கெளப்பி விடறோம். நம்மூர்ல கொழந்தைன்னாலும் கன்னுக்குட்டின்னாலும் கொழுகொழுன்னு இருந்தாத்தான் அழகு. இந்தக் குட்டிய அப்படிப் பாக்கக் கூடாதுங்க. வெலாவுல கை வெச்சுத் தடவுனா எலும்பு கைக்குத் தட்டுப்படணும், மேல இருந்து பாத்தா இடுப்பு சித்தெ உள்ள போயிருக்கணும், அதுதான் அளவு.

கால்சியம் கதைதான் பெரிய கதை. கடையில விக்கற, பெரிய சாதிக் குட்டிக்குன்னு போட்டிருக்கற தீவனம் குடுக்கறீங்கன்னா அதுல தேவையான கால்சியம் ஏற்கனவே கலந்திருக்கும், மேல ஒரு சொட்டுகூட ஊத்த வேண்டாம். வளந்த நாய்க்கு மிச்சமான கால்சியத்தக் கொடல் தள்ளி விட்டுரும், சின்னக் குட்டிக்கு அந்த சாமர்த்தியம் பத்தாது, ஊத்துன வரைக்கும் உள்ள இழுத்துக்கும், எலும்பு கோணிக்கும். ஆனா வீட்டுச் சாப்பாடுன்னா கதையே வேற, வெறும் சோறும் கறியும் மட்டும் போட்டா கால்சியம் பத்தாமப் போயி எலும்பு மெதுவாகும், முன்னங்கால் வில்லாட்டம் வளையும். அதனால நீங்க என்ன போடறீங்கன்னு டாக்டர்கிட்டச் சொல்லி அளவு வாங்கிக்கங்க. ராகிக் களியும் தயிர்ச் சோறும் மட்டுமே போட்டு ஷெப்பர்டு வளக்க முடியாதுங்க, வேக வெச்ச முட்டை, கோழிக்கறின்னு புரதம் வேணும், நாமக்கல்ல வெச்சுக்கிட்டு முட்டைக்கா பஞ்சம்?

கோவையில இருந்து ஒரு வாசகர்: 35 நாள் குட்டி ஒண்ணு வெலைக்கு வந்திருக்குது. சின்னதுலயே வாங்குனாத்தான் ஒட்டும்ங்கறாங்களே?

வித்துக் காசு பாக்கறவங்க சொல்றதுங்க அது. பொறந்து 10 நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள கண்ணு தொறக்கும், கொஞ்சம் தள்ளி காது கேக்கும், 3 வாரத்துல பால் பல்லு எட்டிப் பாக்கும். அதுக்கப்பறம்தான் கூடப் பொறந்ததுகளோட உருண்டு பொரண்டு, ஓங்கிக் கடிச்சா அடுத்தது கத்தும், தாய் உறுமும்னு கத்துக்கும். அத நடுவுல புடுங்கிட்டு வந்தா அந்தக் கடியெல்லாம் உங்க கைக்குத்தான் வரும். 8 வாரத்துக்குக் கம்மியான குட்டிய விக்கக் கூடாதுன்னு 2017லயே மத்திய அரசு விதி போட்டிருக்குது.

8 வாரத்துல கொண்டாந்தாலும் ஒட்டறதுக்கு நேரமிருக்குதுங்க. 3 வாரத்துல இருந்து 14 வாரம் வரைக்கும் பாக்கறது கேக்கறது எல்லாம் அதுக்கு மனசுல பதியும். தறிச் சத்தம், பஸ் ஹாரன், வீட்டுக்கு வர்ற ஒரம்பரை, குடை புடிச்ச ஆளு, எல்லாத்தையும் அப்பவே காட்டுங்க. தடுப்பூசி முடியாம ரோட்டுல எறக்கி விடாதீங்க, பார்வோங்கற ரத்தக்கழிச்சல் வைரஸ் வந்தா ரெண்டே நாள்ல குட்டி கைய விட்டுப் போயிரும், தூக்கிக்கிட்டே காட்டுங்க. 6லருந்து 8 வாரத்துக்குள்ள ஆரம்பிச்சு 3, 4 வாரத்துக்கு ஒருக்கா, 16 வாரம் வரைக்கும் ஊசி போடணும். வெறிநாய்க்கடி ஊசி 3 மாசத்துல.

திருப்பூர்ல இருந்து ஒரு வாசகர்: 7 மாச ஆண் நாய். ஒரு வாரம் முன்னங்கால் நொண்டுச்சு, சரியாச்சு, இப்ப பின்னங்கால் நொண்டுது. எங்கயும் அடிபடல. தெனம் வெடியால எக்செல் வண்டி பின்னாடி 3 கிலோமீட்டர் ஓட்டறேன்.

மொதல்ல அந்த வண்டிய நிறுத்துங்க கண்ணு! கால் மாத்திக் கால் நொண்டறது, அதுவும் இந்த வயசு ஆண் ஷெப்பர்டுன்னா, பெரும்பாலும் வளர்ற எலும்புக்குள்ள வர்ற வலிதான், பனோஸ்டியைட்டிஸும்பாங்க. 5 மாசத்துல இருந்து ஒண்ணரை வயசு வரைக்கும் வந்து வந்து போகும், தானாவே சரியாகும். ஆனா இடுப்புக் கோளாறும் இல்ல, முழங்கையும் நல்லாருக்குதுன்னு எக்ஸ்ரே எடுத்துத் தெரிஞ்சுக்கணும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாம முழுங்கற வலி மாத்திரையக் குடுத்துராதீங்க, நாய்க்கு அது விஷம். மண்ணுல அதுவா ஓடி அதுவாப் படுக்கறது நல்லது, தார் ரோட்டுல நாம ஓட்டறது வேண்டாம். வீட்டுக்குள்ள வழுக்கற கிரானைட் தரைன்னா சாக்கு விரிச்சு விடுங்க.

பவானியில இருந்து ஒரு வாசகர்: 9 மாசம் ஆச்சு, உசரம் வந்துருச்சு, நெஞ்சும் இல்ல கழுத்தும் இல்ல, கழுதைக்குட்டியாட்டம் இருக்குது. வாங்கறப்ப கருகருன்னு இருந்துச்சு, இப்ப காலெல்லாம் செம்பட்டை. ஏமாத்திட்டாங்களோ?

அதெல்லாம் இல்லைங்க. கருப்பாப் பொறந்து செம்பட்டை மேல ஏறி வர்றது இந்த நாய்க்கு வழக்கம். உசரம் 10, 12 மாசத்துல அனேகமா முடிஞ்சுரும், ஆணுக்கு தோள்பட்டை வரைக்கும் 60லருந்து 65 சென்டிமீட்டர், எடை 30லருந்து 40 கிலோ. நெஞ்சு விரியறதும் தல பெருக்கறதும் அதுக்கப்பறம்தான், 2 வயசு, சிலதுக்கு 3 வயசுகூட ஆகும். 1899ல ஜெர்மனியில ஸ்டெபானிட்ஸ்ங்கற குதிரைப்படை ஆபீசர் இந்தச் சாதிய ஆடு மேய்க்கத்தான் உருவாக்குனாரு, நாள் பூரா பட்டியச் சுத்தி ஓடணும்னா ஒல்லியாத்தான் இருந்தாகணும். இப்ப ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, ரெண்டாவது பொறந்தநாளுக்கு ஒண்ணு எடுங்க, ரெண்டையும் சேத்து எனக்கு அனுப்புங்க, போடறோம்.