லூ காற்றிலும் உடம்பு 37 டிகிரிதான்: தில்லித் தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்

தில்லிக் கல்லூரி ஒன்றில் உடலியங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். குடியிருப்பில் உள்ள நம்மவர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (பதினோராம் வகுப்பு மாணவன்): டீச்சர், வெளியே 45 டிகிரி இருந்தாலும் உடம்பு மட்டும் 37 டிகிரியில் நிற்பது எப்படி?

பதில்: மூளையின் அடிப்பகுதியில், பாதாம்பருப்பு அளவில் ஹைபோதலாமஸ் இருக்கிறது தம்பி. தன் வழியே ஓடும் ரத்தத்தின் சூட்டையும் தோல் அனுப்பும் செய்தியையும் அது ஓயாமல் கவனிக்கிறது. சூடு ஏறினால் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து, உள்ளே இருக்கும் சூட்டை மேலே கொண்டுவருகின்றன, வியர்வை சுரக்கிறது. காற்றே உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது, வியர்வை ஆவியாவது ஒன்றுதான் சூடு வெளியேற வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் போய்விடும். சொட்டித் தரையில் விழும் வியர்வையால் அந்தப் பயன் இல்லை.

நனைந்த தட்டி வழியே காற்றை இழுக்கும் உங்கள் வீட்டு ஜன்னல் கூலரைப் பார். லூ என்னும் வறண்ட அனல்காற்று அடிக்கும் ஜூன் தொடக்கத்தில் வெட்டிவேர் வாசனையோடு அறையே குளிர்ந்துவிடும். ஜூலையில் மழை பிடித்ததும் அதே கூலர் ஓடினாலும் அறை புழுங்குகிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் எளிதில் ஆவியாகாது. உடம்பும் இந்தக் கூலரைப் போலத்தான். அதனால்தான் மழைக்காலத்து 36 டிகிரி நம்மை அப்படி வாட்டுகிறது.

இன்னொன்றையும் கவனி. தோலுக்கு ரத்தம் அதிகம் போவதால் இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. வியர்வையில் போன நீருக்கு ஈடாகச் சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்கிறது. சிறுநீர் அடர்மஞ்சள் ஆவது அதனால்தான். இப்படி எல்லா உறுப்புகளும் சேர்ந்து உடம்பின் உள்நிலையைச் சீராக வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு 1926-இல் வால்ட்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார். பாடப்புத்தகம் இதயத்துக்கு ஓர் அத்தியாயம், சிறுநீரகத்துக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்து வைத்திருப்பது எனக்கு என்றுமே பிடித்ததில்லை.

கேள்வி (எழுபது வயதுப் பாட்டி): ஜனவரியில் தண்ணீரே அதிகம் குடிப்பதில்லை. ஆனாலும் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிருக்கிறது. சர்க்கரை வியாதியாக இருக்குமோ?

பதில்: குளிர் மட்டுமே காரணமாக இருக்கலாம் அம்மா. குளிரில் கை கால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். ரத்தம் உடம்பின் நடுப்பகுதியில் சேரும். அதை நீர் மிகுந்துவிட்டதாக உடம்பு எடுத்துக்கொள்கிறது. நீரைத் தேக்கச் சொல்லும் வாசோபிரெசின் சுரப்பு குறைகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, ஏறக்குறைய அத்தனையையும் திருப்பி ரத்தத்துக்கே தருகின்றன. அப்படித் திருப்பித் தருவது சிறிது குறைந்தாலும் உங்களுக்குத் தூக்கம் கெடும். ஆனால் வெயில் காலத்திலும் இப்படியே இருந்தால், அல்லது தாகமும் எடைக்குறைவும் சேர்ந்திருந்தால், ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (டாக்சி ஓட்டுநர்): நாள் முழுக்க வெயிலில்தான் அம்மா இருக்கிறேன். வெறும் தண்ணீர் போதுமா, ஓஆர்எஸ் குடிக்க வேண்டுமா?

பதில்: நேரத்துக்குச் சாப்பிடுகிறவருக்குத் தண்ணீரும், உப்புப் போட்ட மோரும் போதும். வியர்வையில் உப்பும் போவதால், சாப்பிடாமல் வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பது நல்லதல்ல. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரைதான் இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் தலைவலி, குழப்பம், வலிப்பு என்று போகும்.

ஓஆர்எஸ் என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் முக்கியமாக வயிற்றுப்போக்குக்கானது. குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூடவே அழைத்துப் போகிறது. அவற்றின் பின்னால் நீர் போகிறது. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொண்டே ஏராளமானோரைப் பிழைக்க வைத்தார். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். உப்பு மிகுந்து ஆபத்தாகிவிடும். முழு ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும்.

கேள்வி: காய்ச்சலில் உடம்பு கொதிக்கும்போது ஏன் குளிர்கிறது?

பதில்: கிருமியோடு போராடும்போது ஹைபோதலாமஸ் தான் குறித்துவைத்த சூட்டின் அளவை, உதாரணமாக, 39 டிகிரிக்கு உயர்த்திக்கொள்கிறது. அதுவரை 37-இல் இருக்கும் உடம்பு, அந்தக் கணக்குக்குக் குளிர்ந்த உடம்பு. அதனால் நடுக்கம், ரஜாய்ப் போர்வை.

கேள்வி: வெயில் தாக்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பேச்சை வைத்து. சென்ற ஜூனில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடும் பெரியவர் மேசையோரம் சரிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கரிப்பெட்டி கனன்றுகொண்டிருந்தது. மகள் பெயரைக் கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலர் நம்புகிறார்கள். அவருடைய சட்டையோ நனைந்திருந்தது. நிழலுக்கு இழுத்துப் போட்டு, பானைத் தண்ணீர் முழுவதையும் உடம்பில் ஊற்றினோம். இரண்டு பையன்கள் அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார்கள். நான் அவசர உதவி எண் 112-ஐ அழைத்தேன். வாயில் தண்ணீர் ஊற்ற வந்தவரைத் தடுத்தேன், தெளிவில்லாதவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் மகள் பெயரைச் சொல்லிவிட்டார்.