மாமியார் வீட்டுக் கதையை மருமகள் எழுதலாமா?

கேள்வி: நான் பட்டர்வொர்த் தமிழ்ப் பெண். கணவர் பினாங்கு ஹொக்கியன் சீனர், லிம் குடும்பம். மாமனார் இப்போது இல்லை. மாமியாருக்கு 86 வயது. சீனாவிலிருந்து வந்த குடும்பம் என்பதற்கு மேல் என் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. கேட்டு எழுதி வைக்கலாம் என்றால், "எங்கள் வீட்டுக் கதை உனக்கு எதற்கு?" என்கிறார் நாத்தனார். ஜப்பான்காரன் காலத்தில் தத்துக் கொடுத்த தங்கையைப் பற்றிக் கேட்டாலோ, மாமியார் எழுந்தே போய்விடுகிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: உங்கள் பிள்ளைகளுக்கு அது சொந்தப் பாட்டி வீட்டுக் கதை. எழுத அந்த உரிமை போதும்.

வம்சாவளி வரையும் ஆப் எதையும் இப்போதைக்குத் திறக்காதீர்கள். அது முதலில் பெயரை ஆங்கில எழுத்தில்தான் கேட்கும். உங்கள் வீட்டு 'லிம்' கான்டனீஸ்காரர் வீட்டில் 'லாம்', இன்றைய சீனாவில் 'லின்'. அதை வைத்துத் தேடினால் ஊர் உலகத்து லிம் எல்லாம் வந்து நிற்பார்கள். பெயரும் பூர்வீக ஊரும் சீன எழுத்திலேயே வேண்டும்.

அது கல்லறையில் இருக்கிறது. ஏப்ரல் 4, 5 தேதியை ஒட்டி வரும் செங் பெங் சமயத்தில் கணவர் வீட்டார் கல்லறையைச் சுத்தம் செய்யப் போவார்கள் இல்லையா, நீங்களும் கூடப் போங்கள். பெரும்பாலும் கல்லின் மேல்பகுதியில் பூர்வீக ஊர், நடுவில் இறந்தவர் பெயர், ஓரத்தில் பிள்ளைகள் பெயர் இருக்கும். எழுத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்த பிறகு, வெயில் சாய்வாக விழும்போது போட்டோ எடுங்கள். ஆண்டு 'மின்குவோ 25' என்றிருந்தால் குழம்ப வேண்டாம். சீனக் குடியரசுக் கணக்கு அது. 1911-ஐக் கூட்டினால் 1936. அண்ணன் தம்பிகள் பெயரில் ஓர் எழுத்து பொதுவாக வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல குடும்பங்களில் அது தலைமுறையைக் காட்டும் எழுத்து. இந்தப் படங்களோடு ஜார்ஜ்டவுன் லிம் கொங்சிக்கு, அதாவது லிம் குலத்தாரின் சங்கத்துக்கு, போனால் விசாரிக்க ஒரு பிடி கிடைக்கும்.

ஆனால் கல்லும் கொங்சியும் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். மாமியார் விஷயம் அப்படியில்லை. பழைய வம்சாவளி ஏடுகள் ஆண்களின் கணக்கு. மருமகள் என்றால் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் மட்டும். மகளுக்குப் பலவற்றில் இடமே கிடையாது. இந்த வீட்டுப் பெண்கள் யார் யார், எங்கே பிறந்தார்கள், எப்படி வந்தார்கள் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

பேட்டி என்று உட்கார வைத்தால் பேச மாட்டார். பழைய ஆல்பத்தை எடுத்து மடியில் வையுங்கள், போனில் ரெக்கார்டை அவருக்குச் சொல்லிவிட்டே போடுங்கள். ஹொக்கியனிலேயே பேசட்டும், நடுவில் நிறுத்தி அர்த்தம் கேட்காதீர்கள், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிஸ்கட் டின்னில் பழைய கடித உறை ஏதாவது கிடக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தக் காலத்தில் ஊருக்குப் பணமும் கடிதமும் சேர்ந்தே போகும், பணம் கிடைத்தது என்று பதில் வரும். அந்தக் கடிதங்களை யுனெஸ்கோ 2013-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. எனவே குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தங்கை விஷயத்தை நீங்களாக எடுக்காதீர்கள். மலாயாவில் அப்படிக் கொடுக்கப்பட்ட சீனப் பெண் குழந்தைகள் பலர் தமிழ் வீடுகளில் வளர்ந்தார்கள், உங்களுக்கே ஒருவரையாவது தெரிந்திருக்கும். தமிழ் மருமகள் அதைக் கேட்கும்போது அவர் மனதில் என்னென்ன ஓடுகிறதோ! அவராகச் சொன்னால் கேளுங்கள். எழுதலாமா கூடாதா என்பதை அவரே சொல்லட்டும். கூடாது என்றால் கூடாதுதான்.

நாத்தனாரிடம் அனுமதி கேட்காதீர்கள், உதவி கேளுங்கள். ஆல்பத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று அவருக்குத்தான் தெரியும். பெயரைச் சீன எழுத்தில் அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் ஞாயிறு முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். அப்புறம் நீங்கள் ஒரு பெயரைத் தப்பாகச் சொன்னால் சும்மா இருக்க மாட்டார்.